ஒளி வட்டங்களும் உருவிலா உயிர்களும்

இப்பாடத்தில் ஆராயப் புகும் பொருள், இரவில் எடுக்கும் நிழற்படங்களிற் காணப்பெறும் வெண்ணிற வட்டங்களைப் பற்றியது. கைப்பேசியால் படம் எடுக்கும் வழக்கம் சிற்றூர்தோறும் பரவிய பின்னர், திருமண வீட்டிலோ திருவிழாவிலோ இழவு வீட்டிலோ எடுத்த படங்களில், எடுத்தபோது எவர் கண்ணுக்கும் தெரியாத வட்டங்கள் சில மிதந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். பால் நிறத்தன சில, இளநீலத்தன சில, நடுவே முகம் போன்ற வரிகளை உடையன சில. இவை இறந்தோர் ஆவி என்பர் ஒரு சாரார். தேவர் என்பர் மற்றொரு சாரார். நம்மவருள்ளும், வைசாகப் பௌர்ணமி இரவில் எடுத்த படத்தில் பகவன் திருவுருவைச் சூழ இவ்வட்டங்கள் நிற்கக் கண்டு, தேவர்கள் வணங்க வந்தனர் என மகிழ்ந்து பிறர்க்கு அனுப்புவோர் உளர். ஆதலின் இதனை அயலார் மடமை என்று ஒதுக்கிவிட்டுப் போதல் நமக்குக் கூடாது.

முதலில் வட்டம் யாது என்பதைக் காண்போம். இதற்குப் பெரிய நூல்கள் வேண்டுவதில்லை. இருபத்தாறு ஆண்டு நூற்பாலையில் உழைத்த எனக்கு, ஆலையே இப்பாடத்தைக் கற்பித்தது. பேல் பிரித்துப் பஞ்சை உதறும் புளோ ரூமிலும், அடுத்த கார்டிங் பகுதியிலும், பஞ்சுத் தூசி எந்நேரமும் காற்றில் நிறைந்திருக்கும். ஆயினும் அங்கு நிற்பவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பிற்பகலில் கூரைக் கண்ணாடி வழியே வெயில் சரிந்து விழும்போது மட்டும், அவ்வெயிற் கற்றைக்குள் கோடிக்கணக்கான துகள்கள் பொன்போல் மின்னும். கற்றைக்கு ஒரு சாண் அப்பால் காற்று தூயதாகவே தோன்றும். அங்கும் அதே தூசிதான் உள்ளது. வெளிச்சம் மட்டும் அங்கு இல்லை. அத்தூசியைப் பல்லாண்டு உட்கொண்டவர்க்கு நெஞ்சு இறுகி மூச்சுத் திணறும் நோய் வரும். மருத்துவர் அதனைப் பைசினோசிஸ் என்பர். ஒரு நாள் ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் நாளில் அது மிகுதலின், திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரும் அதற்கு உண்டு. படத்தில் அழகாகத் தோன்றும் துகள் நெஞ்சில் என்ன செய்யும் என்பதை ஆலைத் தொழிலாளர் அறிவர்.

கைப்பேசியில் படம் எடுக்கும் கண்ணாடி வில்லையும், பளிச்சென மின்னும் பிளாஷ் விளக்கும் ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலத்தில் அமைந்துள்ளன. விளக்கு மின்னும்போது, வில்லைக்கு முன் ஒரு சாண் தொலைவில் மிதக்கும் தூசியோ, மகரந்தமோ, பனித்துளியோ, மழைத் தூறலோ அவ்வொளியை நேரே வில்லைக்குத் திருப்பி அனுப்புகின்றது. விளக்கின் ஒளி தொலைவு கூடக் கூட மிக விரைவாகக் குறையும். 3 மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதர் மேல் விழும் ஒளியைக் காட்டிலும், 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள தூசியின் மேல் விழும் ஒளி 100 மடங்கு அதிகம். அதனாலன்றோ கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் படத்தில் விளக்குப் போல் எரிகின்றது!

இனி, துகள் ஏன் வட்டமாகத் தோன்றுகின்றது எனின், கருவி தொலைவில் உள்ள மனிதரைத் தெளிவாகக் காட்டும்படி திருத்தப்பட்டிருத்தலின், மிக அண்மையில் உள்ள பொருள் கலங்கித் தெரியும். கலங்கிய ஒளிப்புள்ளி, ஒளி புகும் துளையின் வடிவத்தைக் கொள்ளும். துளை வட்டமாயின் வட்டம் கிடைக்கும். துளையை இதழ்களால் மூடித் திறக்கும் கருவிகளில் இவ்வட்டங்கள் ஐங்கோணமாகவும் அறுகோணமாகவும் விழுதலைக் காணலாம். ஆவிகள் கருவிக்குக் கருவி வடிவம் மாறுவானேன் என்று எவரும் கேட்பதில்லை. பழைய பிலிம் கருவிகளிற் பலவற்றில் பிளாஷ் விளக்கு வில்லைக்கு மேலே உயரத்தில் தனியே நின்றது. ஆகையால் அக்காலப் படங்களில் இவ்வட்டங்கள் அருகியே வந்தன. விளக்கையும் வில்லையும் நெருக்கி அமைத்த சிறு டிஜிட்டல் கருவிகள் 1990களின் இறுதியிலிருந்து பெருகின. தேவர்களும் அப்பொழுதே பெருகினர்.

பிளாஷ் இன்றி எடுத்த படத்திலும் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு பொட்டு நிற்பதுண்டு. அது வேறு வகை. படத்தில் எங்கேனும் தெருவிளக்கோ தீபமோ இருக்கும். அதன் ஒளி வில்லையின் உட்கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில் பொட்டாக விழும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் விளக்கும் நடுவும் பொட்டும் ஒரே கோட்டில் நிற்பதை அறியலாம். கடைகளின் கண்காணிப்புக் கருவிகளில் நள்ளிரவில் பறந்து செல்லும் வெண்மை உருவங்களோ, பெரும்பாலும் கருவியின் அகச்சிவப்பு விளக்கின் முன் பறந்த பூச்சிகளும், அதன் முகத்தில் சிலந்தி கட்டிய நூலுமே.

இவற்றை நான் எழுதியதால் ஏற்க வேண்டா. வீட்டிலேயே சோதித்தல் எளிது. இருண்ட அறையொன்றில், காற்றசையாத நேரத்தில், பிளாஷ் இட்டுப் படம் ஒன்று எடுங்கள். பின் பழைய கோணிச் சாக்கு ஒன்றை இருமுறை உதறிவிட்டு அதே இடத்திலிருந்து மற்றொன்று எடுங்கள். அறை முழுதும் தேவர் நிறைந்திருப்பர்! அடுத்து, பிளாஷை அணைத்துவிட்டு, ஒருவர் கையில் டார்ச்சு விளக்கைக் கொடுத்து நான்கடி விலகி நின்று ஒளி காட்டச் செய்து எடுத்தால், வட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுவோர், இரண்டு கைப்பேசிகளை ஒரு முழம் இடைவெளியில் வைத்து ஒரே நொடியில் எடுக்கட்டும். ஒருவர் தலைமேல் உண்மையாகவே ஓர் உயிர் மிதக்குமாயின், இரு கருவியும் அதனை அவர் தலைமேலேயே காட்ட வேண்டுமன்றோ? ஒன்றில் உள்ள வட்டம் மற்றதில் இராது.

இவ்வளவோடு பாடம் முடிந்தது என்று நான் ஒரு காலத்தில் சொல்லியிருக்கக் கூடும். மார்டள்ளியில் நிகழ்ந்த ஒன்று இதற்கு மேலும் சொல்ல வேண்டியிருப்பதை உணர்த்திற்று. மார்டள்ளி, மாதேசுவரன் மலைக்கு அணித்தாய்க் காட்டை ஒட்டி அமைந்த ஊர். தமிழ் பேசுவோர் மிகுந்தது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்திலும் அடங்கியது. அங்கு ஓர் அம்மையார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். சாலை விபத்தில் மாண்ட மகனின் படத்துக்கு மாலையிட்டு, ஆண்டு நினைவு நாளன்று எடுத்த படம் அது. மகன் படத்தின் வலப்புறம் வெள்ளை வட்டம் ஒன்று. குறி சொல்வோன் ஒருவன் அதனைக் கண்டு, பிள்ளை வழி தெரியாமல் வீட்டிலேயே நிற்கின்றான், கரை சேர்க்கப் பதினோராயிரம் ரூபாய் ஆகும் என்று சொல்லிப் போயிருந்தான். அம்மையார் கம்மலை அடகு வைக்கும் எண்ணத்தில் இருந்தார்.

மேலே சொன்ன சோதனைகளை அவர் கையாலேயே செய்வித்தேன். மாட்டுக் கொட்டகையில் தீவனத் தட்டை உதறிவிட்டு அவரே எடுத்த படத்தில் முப்பது நாற்பது வட்டங்கள் விழுந்தன. அவர் நெடுநேரம் அப்படத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். பின், “அப்படீன்னா என் மவன் எங்கண்ணா இருக்கான்?” என்றார்.

தூசியைப் பற்றிய என் பாடத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை. கிசாகோதமியின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். இறந்த குழந்தையைத் தோளில் சுமந்து மருந்து கேட்டு வந்த அத்தாய்க்குப் பகவன் குழந்தையின் ஆவியைக் காட்டினாரில்லை; அது நலமே இருக்கின்றது என்று ஆறுதலுக்காக ஒரு சொல்லும் சொன்னாரில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டு வா என்று அனுப்பினார். வீடு வீடாகச் சென்ற அவள் எங்கும் கடுகைக் கண்டாள். சாவில்லாத வீட்டைக் கண்டிலள். அம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார்; மறுமொழி ஏதும் கூறவில்லை. கம்மலை அடகு வைக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். அப்படத்தை அவர் அழிக்கவுமில்லை. அழிக்கும்படி நான் சொல்லவுமில்லை. அது அவர் மகனின் படம். தூசியும் அதில் உடன் விழுந்திருக்கின்றது, அவ்வளவே.

துயரத்தை வைத்துப் பிழைக்கும் இத்தொழில் கைப்பேசியோடு பிறந்ததன்று. 1860களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மம்ளர் என்னும் நகைச் செதுக்குத் தொழிலாளி, தாம் எடுக்கும் நிழற்படங்களில் இறந்தோர் உருவம் வருவதாக அறிவித்தார். அந்நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகனை இழந்தோரும் கணவனை இழந்தோரும் அவரிடம் திரண்டனர். கண்ணாடித் தகட்டில் முன்னரே ஓர் உருவத்தை மங்கலாகப் பதித்துவிட்டு, அதே தகட்டில் வந்தவரைப் படம் எடுப்பின், அவர் தோளுக்குப் பின்னே ஆவி நிற்கும். இதுவே அத்தகைய படங்களின் உட்பொருள். அவர் காட்டிய ஆவிகளுட் சிலர் அதே ஊரில் உயிரோடு நடமாடுவதைப் பாஸ்டன் மக்களே கண்டுபிடித்தனர்! 1869 இல் நியூயார்க்கில் அவர் மேல் வழக்கு நடந்தது. காட்சிச் சாலை நடத்திய பார்னம் என்பார், ஆபிரகாம் லிங்கனின் ஆவி தம் பின்னே நிற்பதாக ஒரு போலிப் படத்தை வேறொரு படக்காரரிடம் எடுப்பித்து, மன்றில் சாட்சியாகக் காட்டினார். ஆயினும் மம்ளர் செய்த முறை மெய்ப்பிக்கப்படாமையின் விடுவிக்கப்பெற்றார். பின்னர் லிங்கனின் மனைவியாரே அவரிடம் சென்று படம் எடுத்துக்கொண்டார். கணவரின் மங்கிய உருவம் அவர் தோள்மேல் கைவைத்து நிற்கும் அப்படம் இன்றும் உள்ளது. நாட்டுத் தலைவரின் மனைவியும் மார்டள்ளி அம்மையாரும் துயரில் ஒருவரே.

கல்வி மிக்கோர் ஏமாறார் என்பதும் சரியன்று. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் ஒரு மருத்துவர். இங்கிலாந்தின் காட்டிங்லி என்னும் ஊரில் 1917 முதல் இரு சிறுமியர் எடுத்த தேவதைப் படங்களை மெய்யென்று நம்பி, 1920 இல் இதழில் வெளியிட்டவர் அவரே. தாளில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியாற் குத்தி நிறுத்தி எடுத்தோம் என்று, மூதாட்டியரான பின் 1983 இல் அவர்கள் ஒப்புக்கொண்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர் பலர் அப்படங்களை வைத்து வாதிட்டனர். நம் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லா நிலையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அறைகூவினார். 1978 இல் அவர் மறையும் வரை அப்பணத்தை வென்றார் எவருமிலர்.

படத்தில் தோன்றும் ஒளியை விட்டு, மலையிலும் வானிலும் தோன்றும் ஒளிக்கு வருவோம். ஏனெனில் அங்கு உயிர்களே பலியாகியுள்ளன. தமிழ்நாட்டிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் மாலையணிந்து சபரிமலைக்குச் செல்வோர் தை முதல் நாளையொட்டி, எதிரே பொன்னம்பலமேட்டில் மும்முறை தோன்றி மறையும் மகரவிளக்கைக் காணக் காத்திருப்பர். அது தானே தோன்றும் தெய்வ ஒளி என்று பல்லாண்டு மக்கள் நம்பினர். 1999 சனவரி 14 அன்று பம்பையில் நேர்ந்த நெரிசலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 சனவரி 14 அன்று, புல்மேட்டில் நின்று ஒளியைக் கண்டு திரும்பிய கூட்டம் இருளில் நெரிபட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோரில் மிகப் பலர் தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர். அதன் பின்னரே கேரள உயர்நீதிமன்றம், அவ்வொளி மனிதர் ஏற்றுவதா என்று வினவியது. மனிதர் ஏற்றுவதே என்று திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒப்புக்கொண்டது. கோயிலின் மூத்த தந்திரியும் 2008 இலேயே, மகரஜோதி என்பது வானில் உதிக்கும் விண்மீன், மகரவிளக்கு என்பது மேட்டில் மனிதர் காட்டும் தீபாராதனை என்று விளக்கியிருந்தார். மலைவாழ் மக்கள் தொன்றுதொட்டு அம்மேட்டில் காட்டி வந்த தீபம் அது என்பர். அத்தீபத்தில் இழிவு யாதுமில்லை. ஏற்றும் கையை மறைத்ததே கேடு.

திருவண்ணாமலையை இதனோடு ஒப்பு நோக்குக. கார்த்திகை நாளில் மலையுச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யூற்றித் தீபம் ஏற்றுவோர் பர்வதராச குலத்தார் என்பதை ஊரே அறியும். கொப்பரையைச் சுமந்து ஏறுவோரையும் ஊர் அறியும். அதனால் அவ்வொளியைக் காண வரும் கூட்டம் குறைந்ததா? நம் பண்டிதர் அயோத்திதாசர் அவ்விழாவைக் கார்த்துல தீபம் என்று எழுதி, ஆமணக்கு நெய்யின் பயனைக் கண்டறிந்தோர் அதனை மலைமேல் எரித்துப் பார்த்த நாள் என்று பொருள் உரைத்ததைப் பழைய அன்பர்கள் அறிவர். அவர் உரையை ஏற்பினும் ஏற்காவிடினும், விளக்கைக் கண்டவுடன் இது எந்த எண்ணெயில் எரிகின்றது என்று கேட்ட அம்மனம் நமக்கு வேண்டும்.

அதே திருவண்ணாமலையில் 1950 ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு இரமண முனிவர் மறைந்தார். அந்நேரம் வானில் ஒளிப்பிழம்பு ஒன்று மெல்ல நகர்ந்து அண்ணாமலையின் பின்னே மறைந்ததைக் கண்டோர் பலர். அவருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டுப் படக்கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரசோன். உலகப் புகழ் பெற்ற அவர் கண் பொய் சொல்லியிராது. வானிலிருந்து விழும் கல்லோ துகளோ நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத விரைவில் காற்றிற் புகுந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்கின்றது. அவ்வுயரத்து ஒளி பல மாவட்டங்களுக்கு ஒருங்கே தெரியும்; அவரவர் ஊர் மலைக்குப் பின்னே மறைவதாகவே தோன்றும். ஒளி மெய், கண்டதும் மெய். ஒரு பெரியவர் மறைந்த நொடியும் அதுவும் பொருந்தியமையை அன்பர்கள் போற்றுவது அவர்தம் அன்பு. அதைச் சான்றாக்கிப் பிறரை வழிப்படுத்த முனையும்போதுதான் நாம் வினவுகின்றோம்.

மார்டள்ளிப் பக்கத்திலும் இரவில் காட்டோரம் ஒளிகள் தோன்றும். கொள்ளிவாய்ப் பேய் என்று சிறுவரை அச்சுறுத்துவர். யானைக்கு அஞ்சிக் கேழ்வரகும் சோளமும் காக்கப் பரண்மேல் விழித்திருக்கும் உழவர் மூட்டிய தீயும் டார்ச்சுமே அவற்றுள் மிகப் பல. அப்பேய்க்கு இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்தாலும் வேலை உண்டு!

இனி, ஓர் உபாசகர் என்னைக் கேட்ட தடையை மறைக்காமல் இங்கு வைக்க வேண்டும். சுத்தங்களில், நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு தேவன் தன் ஒளியால் ஜேதவனம் முழுவதையும் விளக்கிக்கொண்டு பகவனிடம் வந்தான் என்று பல இடங்களிற் காண்கின்றோமே. மங்கல சுத்தமும் அவ்வாறே தொடங்குகின்றதே. அங்ஙனமாயின் படத்தில் தோன்றும் ஒளியும் தேவனாகலாமன்றோ என்பது அவர் வினா. தேவர் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் புகவில்லை. அச்சுத்தங்களின் போக்கை மட்டும் நோக்குக. தேவன் வந்து ஒளியைக் காட்டி நின்றுவிடவில்லை. எது மங்கலம் என்று கேட்டான். அதற்குப் பகவன் கூறிய மறுமொழி, தாய் தந்தையரைப் பேணுதல், குற்றமற்ற தொழில், அடக்கம், நன்றியறிதல் என விரிகின்றது. ஒளியின் நிறமென்ன, அளவென்ன என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அதனைக் குறித்து வைக்கவுமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேல் ஓதப்பட்டு வருவது மறுமொழியே. நம் படங்களில் வரும் வட்டங்களோ யாதொன்றும் கேட்பதில்லை, யாதொன்றும் சொல்வதுமில்லை. அவற்றின் சார்பில் பேசுவோன் கட்டணம் கேட்கின்றான்.

இராசகிருகத்துச் செல்வன் ஒருவன், உயர்ந்த மூங்கிலின் முனையில் சந்தனப் பாத்திரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஆற்றலுடையோர் எடுத்துக்கொள்க என்றான். பிண்டோல பாரத்துவாசர் வானில் எழுந்து அதனை எடுத்தார் என்று வினயம் கூறும். ஊரார் ஆரவாரித்து அவர் பின்னே வந்தனர். பகவன் அவரைக் கடிந்து, இல்லறத்தார் முன் இவ்வித ஆற்றல்களைக் காட்டலாகாது என்று விதித்தார். பாத்திரத்தை உடைத்துத் தூளாக்கிப் பிக்குகளின் கண் மருந்துக்குக் கொடுக்கச் செய்தார். அற்புதம் நிகழ்ந்தது என்று சொல்லும் நூலே அதனைக் காட்டியவர்க்குப் பாராட்டுக் கொடுக்கவில்லை என்பதைக் கருதுக.

அடுத்த வைசாக இரவில் படம் எடுக்கும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். ஊதுவத்திப் புகையும், கூட்டம் கிளப்பும் மண் தூசியும், பனியும் நிறைந்த இடத்தில் பிளாஷ் இட வேண்டா. விளக்கு வரிசையின் ஒளியே போதுமானது. கைப்பேசியைத் தூணிலோ நாற்காலி முதுகிலோ சாய்த்து அசையாமல் எடுத்தால் முகங்கள் தெளிவாக விழும். வில்லையைத் துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்க. அவ்வாறு எடுத்த பின்னும் வட்டம் வருமாயின், படத்தை எவர்க்கும் அனுப்பும் முன், சாக்கு உதறிய சோதனையை ஊரார் நடுவில், அவர்கள் கையாலேயே செய்துகாட்டுக. அக்கூட்டத்தில் அண்மையில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர் எவரேனும் இருப்பின், சோதனை முடிந்தவுடன் எழுந்து போய்விடாமல் அவர் அருகே சற்று அமர்ந்திருங்கள்.